தற்காலிகச் சட்டங்களும் மாறும் மக்கள் மனமும்: வட அயர்லாந்து தரும் படிப்பினை

ஒரு நாட்டில் குண்டு வெடித்துக் குற்றமற்றோர் மடியும்போது, அந்நாட்டு அரசு இரண்டு கேள்விகளை எதிர்நோக்குகிறது. இக்கொடுமையைப் புரிந்தோரைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது எங்ஙனம் என்பது முதற் கேள்வி. இனி இத்தகைய கொடுமை நிகழாவண்ணம் தடுப்பது எங்ஙனம் என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்குச் சாதாரணக் குற்றவியல் சட்டமே பெரும்பாலும் போதுமானது. இரண்டாம் கேள்விக்கு விடை தேடும்போதுதான் அரசு புதிய அதிகாரங்களைக் கோருகிறது. அச்சமுற்ற மக்களும் அவற்றை மனமுவந்து அளிக்கின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சம் தணிகிறது, சினம் சலிப்பாக மாறுகிறது. ஆனால் அச்சவேளையில் அளிக்கப்பட்ட அதிகாரங்கள் அளிக்கப்பட்ட வேகத்தில் திரும்பப் பெறப்படுவதில்லை.

அரசின் கொள்கையும் மக்களின் மனப்பான்மையும் இவ்வாறு ஒன்றையொன்று உருவாக்கும் முறையை ஆராய்வதற்கு, பிரிட்டானிய அரசு வட அயர்லாந்துப் போராட்டத்தை எதிர்கொண்ட வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அப்போராட்டம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்து, 3,500-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு, ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. ஆகையால் அதன் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே காண இயலுகிறது. மேலும், அங்கே இரு சாராரும் கிறிஸ்துவின் நாமம் தரித்தவர்களே. திருச்சபைகள் அச்சிக்கலின் ஒரு பகுதியாகவும் இருந்தன. அதைத் தீர்க்க முயன்றோருள் சிலரையும் அளித்தன. எனவே குருத்துவப் பணியில் இருப்போரும் அதற்கென ஆயத்தமாவோரும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

1. பின்னணி

அயர்லாந்துத் தீவு 1921-ல் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, வடகிழக்கிலுள்ள ஆறு மாவட்டங்கள் பிரிட்டனுடன் இணைந்தே இருந்தன. அங்கு வாழ்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் புராட்டஸ்டண்டு சபையினர். அவர்களுட் பெரும்பாலோர் பிரிட்டனுடனான இணைப்பை விரும்பினர். எஞ்சிய கத்தோலிக்கருட் பலர் ஒன்றுபட்ட அயர்லாந்தை நாடினர். பெரும்பான்மையினரின் கட்சியே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆட்சி புரிந்தது. வீட்டு வசதி, வேலைவாய்ப்பு, உள்ளாட்சி வாக்குரிமை ஆகியவற்றில் தாங்கள் ஒதுக்கப்படுவதாகக் கத்தோலிக்கர் முறையிட்டனர்.

அந்த ஆட்சி 1922-ல் இயற்றிய சிறப்பு அதிகாரச் சட்டத்தை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும். விசாரணையின்றிக் காவலில் வைக்கவும், ஊர்வலங்களைத் தடைசெய்யவும் அது அதிகாரமளித்தது. ஓராண்டுக்கு மட்டும் என்று கூறி இயற்றப்பட்ட அச்சட்டம், மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 1933-ல் நிரந்தரமாக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு இது ஒரு முன்னடையாளம் எனலாம்.

2. ஒரு சமூகத்தின்மேல் விழுந்த சந்தேகம் (1969–1975)

1968-ல் குடியுரிமை இயக்கத்தினர் ஊர்வலங்கள் நடத்தினர். அவற்றைத் தொடர்ந்து கலகங்கள் மூண்டன. 1969 ஆகஸ்டில் பிரிட்டானியப் படையினர் தெருக்களில் இறக்கப்பட்டபோது, தங்களைக் காக்க வந்தவர்களெனக் கருதிய கத்தோலிக்க இல்லத்தரசிகள் அவர்களுக்குத் தேநீர் அளித்து வரவேற்றனர். இரண்டே ஆண்டுகளில் அவ்வரவேற்பு பகைமையாக மாறிற்று. அம்மாற்றத்தின் காரணங்களுள் தலையாயது 1971 ஆகஸ்டு 9 அன்று தொடங்கிய விசாரணையற்ற காவலாகும்.

அன்று விடியற்காலையில் 342 பேர் கைது செய்யப்பட்டனர். காவல்துறையின் பெயர்ப்பட்டியல் பழமையானது. ஐரிஷ் குடியரசுப் படையின் தலைவர்களுட் பலர் முன்னரே தப்பியிருந்தனர். தவறாகப் பிடிபட்டோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் இரண்டு நாட்களுக்குள் விடுவிக்கப்பட்டனர். பிடிபட்டோருட் சிலரின் தலையை மூடி, உறக்கமும் உணவும் மறுத்து, ஓயாத இரைச்சலுக்கு உட்படுத்தி, சுவரில் சாய்ந்தவாறு மணிக்கணக்காக நிற்கச் செய்து விசாரித்தனர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-ல் இதனை மனிதத்தன்மையற்றதும் இழிவுபடுத்துவதுமான நடத்தை எனத் தீர்ப்பளித்தது. எனினும் சித்திரவதை என்னும் சொல்லை அதற்கு வழங்கவில்லை.

புராட்டஸ்டண்டுத் தரப்பிலும் ஆயுதக் குழுக்கள் இயங்கின. 1971 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் நகரின் மதுச்சாலை ஒன்றில் அவர்கள் வைத்த குண்டுக்கு 15 பேர் பலியாயினர். ஆயினும் அத்தரப்பினர் எவரும் 1973 வரை இம்முறையில் காவலில் வைக்கப்படவில்லை. இம்முறை கைவிடப்பட்ட 1975 டிசம்பர் வரை மொத்தம் 1,981 பேர் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுள் 107 பேர் மட்டுமே புராட்டஸ்டண்டுத் தரப்பினர். சட்டம் குற்றத்தைத் தேடவில்லை, தங்கள் இனத்தையே தேடுகிறது என்று கத்தோலிக்க மக்கள் முடிவுகட்டினர்.

விளைவு யாதெனில், வன்முறை தணியவில்லை, பெருகிற்று. 1971-ல் ஆகஸ்டு 9-க்கு முன் மடிந்தோர் சுமார் முப்பது பேர். அன்று முதல் ஆண்டிறுதிக்குள் மடிந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர். 1972 ஜனவரி 30 ஞாயிறன்று, டெர்ரி நகரில் இக்காவல் முறையை எதிர்த்து ஊர்வலம் சென்றோர்மீது படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். அவ்வாண்டு முழுவதிலும் 450-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குடியரசுப் படைக்கு ஆள் சேர்த்தது அதன் பிரச்சாரத்தைவிட அரசின் கொள்கையே என்று பின்னாளில் பலரும் ஒப்புக்கொண்டனர்.

3. எட்டு நாட்களில் ஒரு சட்டம் (1974)

இதுவரை கடலுக்கு அப்பால் நிகழ்ந்தவற்றை இங்கிலாந்து மக்கள் செய்தித்தாளில் வாசித்து வந்தனர். 1974 நவம்பர் 21 இரவு பர்மிங்ஹாம் நகரின் இரு மதுச்சாலைகளில் குண்டுகள் வெடித்தன. 21 பேர் மாண்டனர். ஏறத்தாழ 180 பேர் காயமுற்றனர். மாண்டோரிற் பெரும்பாலோர் இளைஞர்.

நவம்பர் 29 அன்று, அதாவது எட்டு நாட்களுக்குள், பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறிற்று. பொதுமக்கள் சபையில் அது இரவு முழுவதும் விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்பின்றியே ஏற்கப்பட்டது. உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் தாராளக் கொள்கையினர் எனப் பெயர்பெற்றவர். இவ்வதிகாரங்கள் மிகக் கடுமையானவை என்பதை அவர் மறைக்கவில்லை. சூழ்நிலை அவற்றைக் கோருகிறது என்று வாதிட்டார். சந்தேகத்தின்பேரில் ஒருவரை ஏழு நாட்கள் வரை குற்றச்சாட்டின்றிக் காவலில் வைக்கவும், அந்நாட்டுக் குடிமகனையே பிரிட்டன் தீவிலிருந்து வெளியேற்றி வட அயர்லாந்துக்கு அனுப்பவும் இச்சட்டம் இடமளித்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாராளுமன்றம் இதனைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. பாராளுமன்றம் தவறாது புதுப்பித்தது. 1976, 1984, 1989 ஆகிய ஆண்டுகளில் திருத்தி மீண்டும் இயற்றிற்று. இறுதியில் 2000-ல் நிரந்தரமான பயங்கரவாதச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. தற்காலிகம் என்று பெயரிலேயே எழுதப்பட்ட சட்டம் கால் நூற்றாண்டு நீடித்தது.

மக்கள் மனநிலையும் இதற்கேற்பவே இருந்தது. பயங்கரவாதக் கொலைகளுக்கு மரண தண்டனையை மீட்டளிக்க வேண்டுமென்ற குரல் ஓங்கிற்று. டிசம்பரில் பாராளுமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள், தங்கள் பேச்சின் ஒலி தங்களைக் காட்டிக்கொடுக்குமென அஞ்சிக் கடைகளிலும் பேருந்துகளிலும் வாய்திறவாதிருந்தனர். பர்மிங்ஹாம் நகரில் ஆண்டுதோறும் நடைபெற்று வந்த பரிசுத்த பாட்ரிக் திருநாள் ஊர்வலம் நிறுத்தப்பட்டு, 1996-ல்தான் மீண்டும் தொடங்கப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் பிரிட்டனில் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் பிடித்து வைக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பான்மையோர் எக்குற்றச்சாட்டுமின்றி விடுவிக்கப்பட்டனர்.

இதனினும் கொடிய விளைவு நீதிமன்றங்களில் நேர்ந்தது. பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்காக ஆறு பேரும், அதற்கு முந்தைய மாதம் கில்ஃபர்டு நகரில் நிகழ்ந்த குண்டுவெடிப்புக்காக நான்கு பேரும் 1975-ல் ஆயுள் தண்டனை பெற்றனர். அந்நால்வருள் ஒருவரின் தந்தையான ஜியுசெப்பே கான்லன், வெடிமருந்தைக் கையாண்டதாகக் கூறப்பட்ட வேறொரு வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1980-ல் கைதியாகவே இறந்தார். அனைவரும் நிரபராதிகள். காவல்துறையினர் தங்களை அடித்தனர் எனப் பர்மிங்ஹாம் அறுவர் தொடுத்த வழக்கு, 1980-ல் புகழ்மிக்க நீதிபதி டென்னிங் பிரபுவின் முன் வந்தது. அவர்கள் கூறுவது உண்மையானால் காவல்துறையினர் பொய்ச்சாட்சியும் வன்முறையும் புரிந்தவராவர். அத்தகைய அச்சந்தரும் நிலையை நினைத்துப் பார்க்கும் எவரும் இவ்வழக்கு தொடரக் கூடாதென்றே கூறுவர் என்னும் பொருள்பட அவர் தீர்ப்புரைத்தார். அதாவது, உண்மையைத் தேடினால் அரசமைப்பின் மாண்பு குலையுமாதலால் தேடாதிருப்பதே நன்று என்பது அதன் உட்கருத்து. கில்ஃபர்டு நால்வர் 1989 அக்டோபரிலும், பர்மிங்ஹாம் அறுவர் 1991 மார்ச்சிலும் விடுதலையாயினர். மரண தண்டனைக் கோரிக்கை அன்று வென்று சட்டமாகியிருப்பின், இவை போன்ற தவறுகளைத் திருத்தும் வாய்ப்பே இல்லாமற் போயிருக்கும்.

4. குற்றவாளியா, அரசியற் கைதியா? (1976–1981)

விசாரணையற்ற காவல் தோல்வியுற்றதை உணர்ந்த அரசு, 1976-ல் புதுக் கொள்கையை வகுத்தது. வன்முறையாளர் சாதாரணக் குற்றவாளிகளே. அவர்களைக் காவல்துறை பிடித்து, நீதிமன்றம் தண்டித்து, சிறை அடைக்கும் என்பது அதன் சாரம். கொள்கையளவில் இது சட்டத்தின் ஆட்சிக்குத் திரும்புவதாகவே தோன்றிற்று. ஆனால் 1973 முதல் அத்தகைய வழக்குகளை விசாரித்தவை ஜூரிகள் இல்லாத தனி நீதிமன்றங்கள். பல வழக்குகளில் காவலில் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலமே முதன்மையான சான்று. வழிமுறையில் அவர்களைத் தனிவகையினராக நடத்திவிட்டு, சிறைக்குள் மட்டும் சாதாரணக் குற்றவாளிகள் என்று கூறிய முரண்பாட்டைக் கைதிகள் சுட்டிக்காட்டினர்.

முன்பு தங்களுக்கு அளிக்கப்பட்டிருந்த தனித் தகுதியை மீண்டும் கோரி அவர்கள் சிறை உடையை மறுத்துப் போர்வை மட்டும் போர்த்தியிருந்தனர். அப்போராட்டம் 1981-ல் உண்ணாவிரதமாக முற்றிற்று. அதனைத் தொடங்கிய பாபி சாண்ட்ஸ், ஏப்ரல் 9 அன்று சிறையிலிருந்தவாறே பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, மே 5 அன்று இறந்தார். அவரையும் சேர்த்துப் பத்துப் பேர் மாண்டனர். அம்மாதங்களில் சிறைக்கு வெளியே ஏறத்தாழ அறுபது பேர் வன்முறைக்குப் பலியாயினர். குற்றம் எப்போதும் குற்றமே என்று பிரதமர் மார்கரெட் தாட்சர் உறுதியுடன் நின்றார். இங்கிலாந்து மக்களிற் பெரும்பாலோர் அவ்வுறுதியைப் பாராட்டினர். ஆயினும் உண்ணாவிரதம் முடிந்த சில நாட்களில் கைதிகளின் கோரிக்கைகளுள் முதன்மையானதான சொந்த உடை அணியும் உரிமை அமைதியாக வழங்கப்பட்டது. குடியரசுப் படையின் அரசியல் கிளையான சின் ஃபெயின் கட்சி தேர்தல் களத்தில் வலுவாகக் காலூன்றியது இந்நாள் முதலே.

5. வெளியே ஒரு சொல், உள்ளே ஒரு செயல் (1984–1993)

1984 அக்டோபர் 12 அன்று பிரைட்டன் நகரில் ஆளுங்கட்சி மாநாட்டுக்கென தாட்சர் தங்கியிருந்த விடுதியில் குண்டு வெடித்து ஐந்து பேர் மாண்டனர். பிரதமர் மயிரிழையில் உயிர் தப்பினார். பழைய வரலாற்றைப் படித்தோர் கடும் பழிவாங்கலையே எதிர்பார்த்திருப்பர். ஆனால் பதின்மூன்று மாதங்களுக்குப்பின், 1985 நவம்பர் 15 அன்று, அவரே அயர்லாந்துக் குடியரசுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வட அயர்லாந்து விவகாரங்களில் அக்குடியரசின் ஆலோசனைக்கு இடமளித்த அவ்வொப்பந்தம், சிறுபான்மையினரின் குறைகளைக் களையாமல் வன்முறையை ஒழிக்க இயலாது என்பதை மறைமுகமாக ஒப்புக்கொண்டது. புராட்டஸ்டண்டுத் தரப்பினர் இதனைத் துரோகம் என்று கூறிப் பெருந்திரளாகக் கூடி எதிர்த்தனர்.

பொதுமக்களை நோக்கிய சொற்கள் கடுமையாகவே தொடர்ந்தன. 1988 முதல் 1994 வரை சின் ஃபெயின் தலைவர்களின் குரலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பத் தடையிருந்தது. அவர்களின் உருவம் திரையில் தோன்ற, நடிகர்கள் அவர்களின் சொற்களைப் பேசினர். 1993 நவம்பர் 1 அன்று பிரதமர் ஜான் மேஜர், அவர்களுடன் பேசுவது தமக்குக் குமட்டலைத் தரும் என்னும் பொருள்படப் பாராளுமன்றத்தில் உரைத்தார். அம்மாத இறுதியிலேயே, அரசு அவர்களுடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்த செய்தி பத்திரிகையில் வெளியாயிற்று. மக்கள் சினங்கொள்வர் என்று பலர் எதிர்பார்த்தனர். பெரும் எதிர்ப்பு எழவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி முதலே, படைகளைத் திரும்ப அழைக்க வேண்டுமென்று பிரிட்டன் தீவின் மக்களிற் பெரும்பாலோர் கருத்துக்கணிப்புகளில் கூறி வந்தனர். சினமும் சலிப்பும் ஒரே மக்களின் உள்ளத்தில் ஒருங்கே குடியிருந்தன. தூக்கிலிடுங்கள் என்பதும் விட்டு வாருங்கள் என்பதும், அங்குள்ள மனிதரின் வாழ்வைக் கூர்ந்து நோக்க விரும்பாமையின் இரு வடிவங்களே. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கடினமான வழியை மக்கள் ஏற்க இருபது ஆண்டுகள் சென்றன.

நடுநிலை கருதி ஒன்றைக் கூறுதல் வேண்டும். மாண்டோரிற் பெரும்பகுதியினரைக் கொன்றவை இரு தரப்பு ஆயுதக் குழுக்களே. வட அயர்லாந்துக் காவல்துறையினரில் முந்நூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஒற்றறிதலும் பொறுமையான காவற்பணியும் பல குண்டுகளைத் தடுத்தன. ஆயுதத்தால் வெல்ல இயலாதென்ற முடிவுக்குக் குடியரசுப் படை வந்ததற்கு அவையும் காரணமாயின. ஆகவே பாதுகாப்பு நடவடிக்கைகள் யாவும் வீண் என்பது உண்மையன்று. குற்றம் புரிந்தோரைக் குறிவைத்த நடவடிக்கை பயன்தந்தது. ஒரு சமூகத்தையே குறிவைத்த நடவடிக்கை எதிர்விளைவைத் தந்தது என்பதே வரலாறு காட்டும் வேறுபாடு.

6. உடன்படிக்கையும் அதன் விலையும் (1994–2007)

1994 ஆகஸ்டு 31 அன்று குடியரசுப் படை போர்நிறுத்தம் அறிவித்தது. ஆறு வாரங்களில் எதிர்த்தரப்புக் குழுக்களும் அவ்வாறே செய்தன. 1996-ல் முறிந்து 1997-ல் மீண்ட அமைதி, 1998 ஏப்ரல் 10 பெரிய வெள்ளியன்று உடன்படிக்கையாக நிறைவேறிற்று. மே 22 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வட அயர்லாந்து மக்களில் 71 விழுக்காட்டினர் அதனை ஏற்றனர். ஆனால் புராட்டஸ்டண்டினரில் ஏறத்தாழப் பாதிப்பேரே ஆதரித்தனர் என்பதை மறத்தலாகாது. ஏனெனில் அதன் விலை பெரிது. தண்டனை பெற்றிருந்த நானூற்றுக்கு மேற்பட்டோர் இரண்டாண்டுகளில் விடுதலையாயினர். தன் மகனைக் கொன்றவன் கடைவீதியில் நடப்பதைக் காணும் துன்பத்தை எத்தனையோ குடும்பங்கள் சுமந்தன. அமைதியின் பலன் அனைவர்க்கும் கிடைத்தது; அதன் விலையையோ துயருற்றோரே மிகுதியாகச் செலுத்தினர்.

புதிய கொள்கைக்குச் சோதனை விரைவில் வந்தது. 1998 ஆகஸ்டு 15 அன்று ஓமா என்னும் ஊரில், உடன்படிக்கையை மறுத்த பிரிவினர் வைத்த குண்டுக்கு 29 பேர் பலியாயினர். பர்மிங்ஹாமில் மடிந்தோரினும் இவர்கள் தொகை அதிகம். இம்முறையும் பாராளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டு இரண்டே நாட்களில் சட்டம் இயற்றிற்று, அப்பழக்கம் மாறவில்லை. மாறியது வேறொன்று. மக்களின் சினம் ஒரு சமூகத்தின்மேல் பாயவில்லை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் ஒன்றாக நின்று தங்கள் பலிகளை அடக்கம் செய்தனர். உடன்படிக்கை நிலைத்தது.

2001-ல் காவல்துறை புதுப்பெயருடன் சீரமைக்கப்பட்டது. முன்பு நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாக இருந்த கத்தோலிக்கர், 2011-ல் ஏறத்தாழ முப்பது விழுக்காடாயினர். 2005-ல் குடியரசுப் படை ஆயுதங்களைக் களைந்தது. படையினரின் நடவடிக்கை 38 ஆண்டுகளுக்குப்பின் 2007 ஜூலையில் முடிவுற்றது. அவ்வாண்டு மே மாதம், எவ்வித உடன்பாட்டையும் வாழ்நாளெல்லாம் எதிர்த்துவந்த போதகர் ஈயன் பெய்ஸ்லி, குடியரசுப் படையின் முன்னாள் தலைவர்களுள் ஒருவரான மார்ட்டின் மெக்கின்னஸுடன் ஒரே அரசில் அமர்ந்தார். டெர்ரி துப்பாக்கிச்சூட்டைப் பற்றிய நீண்ட விசாரணையின் அறிக்கை 2010-ல் வெளியானபோது, பிரதமர் டேவிட் கேமரன் பாராளுமன்றத்தில் எழுந்து, அது எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாதது என்று கூறி மன்னிப்புக் கோரினார். மாண்டோர் குற்றமற்றவர் என்பதை அரசு ஏற்க 38 ஆண்டுகள் ஆயின.

7. கற்றதும் மறந்ததும் (2001–2011)

இவ்வளவு கற்றபின் பாடம் நிலைத்ததா? 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலுக்குப்பின், சந்தேகத்திற்குரிய அயல்நாட்டாரை விசாரணையின்றிக் காலவரையறையற்ற காவலில் வைக்க பிரிட்டன் சட்டம் இயற்றிற்று. முன்பு ஐரிஷ் மக்கள்மேல் விழுந்த சந்தேகம் இப்போது இசுலாமியர்மேல் விழுந்தது. ஆனால் இம்முறை நீதிமன்றம் மௌனமாயிருக்கவில்லை. 2004 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், அக்காவல் மனித உரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். டென்னிங் பிரபுவின் காலத்துக்கும் இதற்கும் இடைப்பட்ட தூரம் பெரிது.

2005 ஜூலை 7 அன்று லண்டன் நகரில் நால்வர் நடத்திய குண்டுத் தாக்குதலில் 52 பேர் மாண்டனர். குற்றச்சாட்டின்றித் தொண்ணூறு நாட்கள் காவலில் வைக்க அரசு அதிகாரம் கேட்டது. மக்களிற் பெரும்பான்மையோர் அதை ஆதரிப்பதாகக் கருத்துக்கணிப்புகள் காட்டின. ஆயினும் பொதுமக்கள் சபை நவம்பர் 9 அன்று 322-க்கு 291 என்ற வாக்குகளால் அதனை மறுத்தது. காவல்காலம் 28 நாட்களாக உயர்ந்து, 2011-ல் 14 நாட்களாகக் குறைந்தது. அங்ஙனம் குறைந்தபின்னும் அது 1974-ல் மிகக் கடுமையானது எனப்பட்ட ஏழு நாட்களின் இரு மடங்கு என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒவ்வொரு நெருக்கடியும் ஏறிய படியில் ஒரு பகுதியே இறங்குகிறது. அடுத்த நெருக்கடி அங்கிருந்து தொடங்குகிறது.

8. திருச்சபைகள் நின்ற இடம்

திருச்சபைகளின் பங்கை மிகைப்படுத்தலாகாது. பிரிவினையை வளர்த்த பள்ளிகளும் மேடைகளும் சபைகளுடையவையே. பிரசங்க பீடங்களிற் பல தத்தம் மக்களின் அச்சத்தையே எதிரொலித்தன. ஆயினும் சிலர் வேறு வழியில் நடந்தனர்.

பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்குப் பத்தொன்பது நாட்களுக்குப்பின், 1974 டிசம்பர் 10 அன்று, அயர்லாந்துச் சபை, பிரிஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட் முதலிய சபைகளைச் சார்ந்த குருமார் சிலர் ஃபீக்கிள் என்னும் சிற்றூரில் குடியரசுப் படைத் தலைவர்களை இரகசியமாகச் சந்தித்தனர். அயர்லாந்துத் திருச்சபைகளின் மன்றத்தைச் சார்ந்த வில்லியம் ஆர்லோ, பேராயர் ஆர்தர் பட்லர், ஜாக் வியர், எரிக் கல்லகர் ஆகியோர் அவர்களுட் சிலர். நாடு முழுவதும் சினத்தால் கொதித்த அவ்வாரங்களில் அவர்கள் சென்றது, அச்செயலைப் பொறுத்துக்கொள்ள அன்று. அதனை நிறுத்தும்படி கேட்க. அச்சந்திப்பிலிருந்து கிறிஸ்துமஸ் காலப் போர்நிறுத்தம் பிறந்தது. அது நீடிக்கவில்லை. செய்தி வெளியானதும் தங்கள் சபையினரிடமே அவர்கள் கடும் கண்டனத்தைச் சந்தித்தனர். ஆனால் அரசு இருபது ஆண்டுகளுக்குப்பின் வெளிப்படையாக நடந்த பாதையில் அவர்கள் முன்னரே நடந்திருந்தனர்.

பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தில் பிரிஸ்பிட்டேரியன் குருவாயிருந்த ரே டேவி, கலகங்கள் மூளுமுன்னரே 1965-ல் காரிமீலா ஒப்புரவுச் சமூகத்தை நிறுவி, இரு தரப்பினரும் ஒரு மேசையில் அமர இடமளித்தார். கத்தோலிக்கக் கர்தினால் பேசில் ஹ்யூம், சிறையிலிருந்த நிரபராதிகளைக் கண்டு பேசி, அவர்களுக்காக 1987-ல் உள்துறை அமைச்சரிடம் ஒரு குழுவை அழைத்துச் சென்றார். 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொணர்ந்த ராய் ஜென்கின்ஸ் அக்குழுவில் ஒருவராயிருந்தது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று என்னிஸ்கில்லன் ஊரில், போரில் மாண்டோரை நினைவுகூரும் வேளையில் வெடித்த குண்டு 11 பேரை மாய்த்தது. இடிபாடுகளினடியில் மகள் மேரியின் கையைப் பற்றியவாறு கிடந்து, அவளை இழந்த மெதடிஸ்ட் சபையினரான கார்டன் வில்சன், கொன்றோர்மேல் தமக்குப் பகையில்லை என்று அன்று மாலையே வானொலியில் கூறினார். துயருற்றோர் யாவரும் அவ்வாறு கூற இயலாது. கூறவேண்டுமென வற்புறுத்த எவருக்கும் உரிமையுமில்லை. ஆனால் அச்சொல் பழிவாங்கலைத் தூண்ட நினைத்தோரின் குரலை அடக்கிற்று. 2005-ல் ஆயுதக் களைவுக்குச் சாட்சிகளாக நின்றோர் இருவர்: மெதடிஸ்ட் குருவான ஹெரால்டு குட், கத்தோலிக்கக் குருவான அலெக் ரீடு. இரு தரப்பும் நம்பக்கூடிய சாட்சிகளைத் தேடியபோது, குருமாரிடமே வரவேண்டியிருந்தது. அந்நம்பிக்கை ஒரு நாளில் ஈட்டப்பட்டதன்று.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, அச்சவேளையில் இயற்றப்படும் சட்டம் அச்சத்தைவிட நீண்ட ஆயுள் உடையது. இரண்டாவது, குற்றவாளிக்கும் அவனைச் சார்ந்த சமூகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அரசு மறக்குந்தோறும் வன்முறைக்குப் புதிய ஆட்கள் கிடைக்கின்றனர். மூன்றாவது, மக்கள் மனம் மாறக்கூடியது. ஆனால் அது தானாக மாறுவதில்லை. மாறுவதற்கு முன்னரே மாற்றத்தின் திசையில் நின்று பழியேற்றோர் சிலர் வேண்டியிருக்கின்றனர்.

போதகரின் பொறுப்பு இங்குதான் தெளிவாகிறது. சட்டம் இயற்றுவது அவர் பணியன்று. ஆனால் கொடுமை நிகழ்ந்த வாரத்தின் ஞாயிறன்று, அச்சமும் சினமும் நிறைந்த மக்கள் அவர்முன் அமர்ந்திருப்பர். அன்று அவர் மாண்டோருக்காக மெய்யாகவே புலம்ப வேண்டும். அவர்தம் துயரைக் குறைத்துப் பேசுவோர் ஒப்புரவைப் பற்றிப் பேசும் தகுதியை இழப்பர். அதே வேளையில், செய்தவன் பெயரால் செய்யாதவனைத் தண்டிக்கலாகாது என்பதையும் அவர் கூற வேண்டும். பின்னர், நாடு மறந்துவிட்ட ஆண்டுகளில், சிறைக்கதவைத் தட்டிச் சென்று உள்ளிருப்போர் உண்மையிலேயே குற்றவாளிகள்தாமா என்று கேட்கவும் வேண்டும். பர்மிங்ஹாம் அறுவரின் சிறைக்கதவு திறக்கப் பதினாறு ஆண்டுகள் சென்றன. அவர்களுக்காகக் கேட்டோர் தொடக்கத்தில் மிகச் சிலரே. அச்சிலருள் நம் சபைகளைச் சார்ந்தோர் இருப்பரா என்பதே நாம் நம்மை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி.